வீடியோ கோடெக் தேர்வு

வீடியோ கோடெக் என்பது வீடியோத் தரவைச் சுருக்கிப் பதிந்து, இயக்கும்போது விரித்துத் தரும் முறை. எடிட்டிங் முடிந்த கோப்பின் அளவு பெரிதும் இதைச் சார்ந்தது. ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியே சுருக்கும் கோடெக்குகள் எடிட்டிங்குக்கு ஏற்றவை. 2007-இல் வந்த ஆப்பிளின் புரோரெஸ் இவ்வகையைச் சேர்ந்தது. அடுத்தடுத்த ஃபிரேம்களுக்கிடையே மாறியதை மட்டும் பதிபவை வெளியீட்டுக்கு உரியவை: எச்.264 (2003), எச்.265 (2013), ஏவி1 (2018). எம்பி4, எம்ஓவி ஆகியவை கோடெக்குகள் அல்ல, அவற்றைத் தாங்கும் கொள்கலன்களே. கொள்கலனை மட்டும் மாற்றினால் அளவு குறையாது.

பிட்ரேட்டை நேரத்தால் பெருக்கினால் கோப்பின் அளவு கிடைக்கும். ஒலி நீங்கலாக, 10 நிமிட முழு எச்டி வீடியோ புரோரெஸ் 422-இல் விநாடிக்கு 147 மெகாபிட் வீதம் ஏறத்தாழ 11 ஜிபி, எச்.264-இல் 8 மெகாபிட் வீதம் 600 எம்பி. எச்.265 இதே தரத்தை ஏறக்குறையப் பாதி பிட்ரேட்டில் தரவல்லது. ஆனால் என்கோடிங் நேரம் கூடும், பழைய கருவிகள் பலவற்றில் ஓடாது. எங்கும் ஓட வேண்டிய கோப்புக்கு எச்.264-ஏ இன்றும் பாதுகாப்பான தேர்வு. எக்ஸ்264 என்கோடரில் தரத்தை நிர்ணயிக்கும் சிஆர்எஃப் எண்ணின் இயல்புநிலை 23. அதில் 6 கூட்டினால் கோப்பு சுமார் பாதியாகும். சுருக்கியதையே மீண்டும் சுருக்கும்போது தரம் சிதைவதால், வெளியீட்டுக் கோப்பு எப்போதும் மூலப் பதிவிலிருந்தே எடுக்கப்பட வேண்டும்.