பின்வரிசையில் நிற்பவர்களின் பெயர்கள்

பழைய குழுப் புகைப்படம் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் நாம் முதலில் தேடுவது ஆண்டினை. அடுத்துத் தேடுவது பெயர்களை. கடலூர் நண்பர் ஒருவரின் இல்லத்தில் அண்மையில் நாம் கண்ட படத்தில் ஆண்டு இருந்தது. பெயர்கள் பாதிதான் இருந்தன. வாலிபர் சங்க ஆண்டுவிழாவில் எடுக்கப்பட்ட படம் அது. நடுவே நாற்காலிகளில் ஆயரும் ஐரோப்பியப் பணியாளர் இருவரும், தரையில் சிறுவர்கள், பின்னே இரண்டு வரிசைகளில் இளைஞர்கள். அட்டையின் அடியில் நாற்காலியில் அமர்ந்தோரின் பெயர்கள் மட்டுமே அச்சாகியிருந்தன. நண்பரின் தாயார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பின்வரிசையில் நால்வரை அடையாளம் காட்டினார். பிறகு, "எங்க அக்கா இருந்திருந்தா எல்லார் பேரையும் சொல்லியிருப்பாங்க" என்றார்.

திருச்சபை இளையோரின் வரலாற்றைப் பாதுகாப்பது பற்றி எழுதப் புகும் நமக்கு, அந்த அம்மையார் சொன்ன ஒரு வாக்கியமே போதுமான முன்னுரையாகிறது.

இப்பகுதியில் அவ்வரலாறு பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குகிறது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு, 1717இல் கடலூரில் ஒரு தருமப் பள்ளியை ஏற்படுத்தினார். 1737இல் சார்டோரியஸ், கைஸ்டர் ஆகிய இருவர் சென்னையிலிருந்து வந்து கடலூர் மிஷனை நிறுவினர். 1740இல் சுவீடன் நாட்டவரான கீர்நாந்தர் வந்து சேர்ந்தார். பின்னாளில் தஞ்சையில் புகழ்பெற்ற சுவார்ட்ஸ் 1750இல் இந்திய மண்ணில் முதலில் கால்வைத்ததும் கடலூரில்தான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரையும் புனித தாவீது கோட்டையையும் கைப்பற்றியபோது, கீர்நாந்தர் தரங்கம்பாடி வழியாகக் கல்கத்தா சென்று அங்கே பள்ளியும் ஆலயமும் கண்டார். அவர் போன வழியை நாம் அறிவோம். அவரிடம் படித்த கடலூர்ப் பிள்ளைகள் போன வழியை யார் அறிவார்?

ஆவணங்கள் இல்லை என்று சொல்வதற்கில்லை. மிஷனரிமாரின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பப்பட்டு, 1710 முதல் தொடர் வெளியீடாக அச்சேறின. அவை இன்றும் அங்குள்ள பிராங்கே நிறுவன ஆவணக்காப்பகத்தில் பேணப்படுகின்றன. ஆயினும் அவை ஐரோப்பிய ஆதரவாளர்களுக்காக எழுதப்பட்டவை. எழுதியவர் கண்ணுக்குப் பட்டதே அவற்றில் பதிவாயிற்று. நாற்காலியில் இருந்தவரின் பெயர் நிலைத்ததும் பின்னால் நின்றவரின் பெயர் உதிர்ந்ததும் புகைப்படக் காலத்தில் தோன்றிய வழக்கமன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கதை வேறொரு திருப்பம் கொள்கிறது. சாதி வேறுபாட்டைச் சபைக்குள் பொறுத்துக்கொள்ளலாமா என்னும் வழக்கில் லைப்சிக் மிஷனிலிருந்து பிரிந்த கார்ல் ஓக்ஸ், 1861இல் மேல்பட்டாம்பாக்கத்தில் தனி நிலையம் அமைத்தார். சில ஆண்டுகளில் அது டேனிஷ் மிஷனரி சங்கத்தோடு இணைந்தது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை இந்த மரபில் வளர்ந்ததாகும். ஆகவே இங்குள்ள சபை இளையோரின் வரலாறு பாட்டுப் போட்டிகளின் வரலாறாக மட்டும் இருக்க இயலாது. யார் யாருடன் ஒரே பாயில் அமர்ந்தார் என்பதன் வரலாறும் அதுவே.

இதே டேனிஷ் சங்கத்தின் பணியாளராக 1889இல் இந்தியா வந்த லார்சன், பின்னர் சென்னையில் மாணவரிடையிலும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்திலும் உழைத்தார். 1844இல் லண்டனில் தோன்றிய அவ்வியக்கம் சென்னையில் வேரூன்றியது 1890இல். லார்சன் பிற்காலத்தில் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல்வரானார். தமிழ் வேதாகமத் திருத்தத்திலும் அவர் பெயர் நிலைத்தது.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே கடலோரத்தில் உள்ளது பரங்கிப்பேட்டை. டென்மார்க்கிலிருந்து வந்த அன்னே மேரி பீட்டர்சன், எஸ்தர் ஃபேரிங்குடன் 1917இல் ஆசிரமம் சென்று காந்தியடிகளைக் கண்டவர். மிஷன் சங்கத்திலிருந்து விலகிய அவர், பெண்பிள்ளைகளுக்குத் தேசிய உணர்வோடு கூடிய கிறிஸ்தவப் பள்ளி ஒன்றை நிறுவ விழைந்தார். சேவா மந்திர் எனப்படும் அந்நிறுவனத்துக்கு 1921 செப்டம்பரில் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார். பீட்டர்சனின் வாழ்க்கையைப் பற்றி எழுத இடமுண்டு, எழுதியும் இருக்கிறார்கள். அங்கே படித்து ஆசிரியையாகி ஊர் திரும்பிய பெண்களின் கதைகள் இன்னும் அவர்தம் பேத்திகளின் நினைவில்தான் இருக்கின்றன.

இங்கேதான் ஊர்சுற்றும் கண்காட்சி என்னும் எண்ணம் பொருள் பெறுகிறது. அருங்காட்சியகம் நல்லதே. தரங்கம்பாடியில் சீகன்பால்கு வாழ்ந்த வீடு 2017இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அங்கே செல்பவர், செல்ல வேண்டும் என்று முன்பே அறிந்தவர். மேல்பட்டாம்பாக்கத்து முதியவர் பேருந்து மாறி மாறி அங்கே போகமாட்டார். காட்சி அவரிடம் வந்தால், அவர் படத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் படத்துக்குப் பெயரும் சூட்டுவார்.

இவ்வகைக் கண்காட்சிகள் உலகுக்குப் புதியன அல்ல. நம் நாட்டில் 2007இல் புறப்பட்ட அறிவியல் விரைவு ரயில் பெட்டிகளுக்குள் காட்சிகளை ஏற்றி ஊரூராகச் சென்றது. ஆம்ஸ்டர்டாமின் ஆன் ஃபிராங்க் இல்லம் அனுப்பும் பயணக் கண்காட்சியில், அந்தந்த ஊர் மாணவர்களே பயிற்சி பெற்றுச் சக மாணவர்களுக்கு விளக்குகின்றனர். நமக்கும் இம்மரபு அந்நியமன்று. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள் படச்சுருளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாகச் சென்ற காலம் நம் பெற்றோரின் நினைவில் உள்ளது.

செய்முறை எளியதே. மூலப்படம் பயணம் செய்யலாகாது. வெயிலும் ஈரமும் கைவிரல் எண்ணெயும் அதற்குப் பகை. நன்கு வருடியெடுத்த நகல்களைச் சுருட்டக்கூடிய பதாகைகளில் அச்சிட்டால் இருபது பதாகைகள் ஒரு சிறு வண்டியில் அடங்கும். கடலூர் பழைய நகரில் தொடங்கி, மஞ்சக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் என்று சபைக்கு ஒரு ஞாயிறாக நிறுத்தலாம். ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஒரு வெற்றுக்கோடு. அருகே நூலில் கட்டிய பென்சில். யார் பெயர், சொன்னவர் யார், எந்த நாள் என்பதை இளைஞர் ஒருவர் ஏட்டில் பதிய வேண்டும். இருவர் இரு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதிவைக்க வேண்டும். தீர்ப்பு பிறகு ஆகலாம். வீடுகளிலிருந்து வெளிவரும் படங்களை அங்கேயே நகலெடுத்து, மூலத்தை உரியவரிடமே கொடுத்துவிட வேண்டும். படத்தை வாங்கிச் சென்று திருப்பித் தராதவர்களால் பல குடும்பங்கள் முன்பே மனம் நொந்திருக்கின்றன.

சிதம்பரத்தில் நிறுத்தும்போது கூடுதல் கவனம் தேவை. அது நந்தனாரின் ஊர்; 1916இல் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகக் கல்விப் பணி தொடங்கிய ஊர்; 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்த ஊர். அங்கே சபையின் பெருமையை மட்டும் தொங்கவிட்டால் பார்ப்பவர் புன்னகைத்துக் கடந்துவிடுவர். எந்தப் பிள்ளை எந்தப் பள்ளியில் நுழைய முடிந்தது, எந்த ஆலயத்தில் எங்கே உட்கார வைக்கப்பட்டது என்பதையும் பதாகை சொல்லுமானால், சபைக்கு வெளியே உள்ளவர்க்கும் அது தம் வரலாறாகும்.

காலம் நமக்காகக் காத்திராது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015இல் பெருவெள்ளம் என்று பதினொரு ஆண்டுகளில் மூன்று முறை இக்கரையை நீர் சூறையாடிற்று. தப்பிய தாள்களைக் கரையான் பார்த்துக்கொள்கிறது. இவையெல்லாம் மெல்ல அழிப்பன. மனித நினைவோ ஒரே இரவில் அணைந்துவிடும்.

நண்பரின் தாயார் சொன்ன நான்கு பெயர்களையும் அன்றே படத்தின் நகலில் குறித்துக்கொண்டோம். இரண்டு வரிசைகளிலும் மொத்தம் பத்தொன்பது பேர். இன்னும் பதினைந்து பேருக்குப் பெயர் வேண்டும். அந்தப் பெயர்களை அறிந்தவர் நெல்லிக்குப்பத்திலோ புவனகிரியிலோ ஒரு திண்ணையில் இன்றும் அமர்ந்திருக்கக்கூடும். படம்தான் அவரைத் தேடிப் போக வேண்டும்.