தோற்றுப்போன எஞ்சினா?

நான் கலைப்பீடம். ஆனா இந்த எஞ்சினின்ர கதை வரலாற்றுப் பாடம்தான்.

1993இல் மஸ்டா, யூனோஸ் 800 காரில் ஒரு 2.3 லீற்றர் வி6 எஞ்சினை இறக்கியது. அது ரால்ஃப் மில்லர் எண்ட அமெரிக்கப் பொறியியலாளர் 1957இல் காப்புரிமை பெற்ற முறை. பிஸ்டன் மேல ஏறத் தொடங்கியும் காற்று வாற வால்வ் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். அழுத்துற வேலை குறையும். வெளியே தப்புற காற்றை சுப்பர்சார்ஜர் ஈடுசெய்யும்.

செலவும் சிக்கலும் கூட. 2000களின் தொடக்கத்தோட கதை முடிஞ்சுது.

இதைக் கழற்றி, பின்சக்கரத்தால் ஓடுற எம்எக்ஸ்-5க்குள்ள வைக்க ஆசைப்படுற கார்ப் பைத்தியங்களும் உண்டு. லேசான வேலையில்லை. முன்சக்கரங்களுக்காகக் குறுக்கே வைத்த எஞ்சினை நெடுக்காகத் திருப்ப வேணும், பொருந்துற கியர்பொக்ஸ் தேட வேணும், சுப்பர்சார்ஜருக்கு பொனற்றுக்குக் கீழ இடம் காண வேணும்.

ஆனா அந்த யோசனை சாகேல்ல. 1997இல் வந்த பிரியஸிலும் வால்வ் பிந்தித்தான் மூடும். குறையிற பலத்தை சுப்பர்சார்ஜருக்குப் பதிலா மின்மோட்டார் தருது. எங்கட றோட்டில சத்தமில்லாமப் போற பிரியஸ், அக்வா எல்லாம் அந்த வழிதான். விற்பனைக் கணக்கை மட்டும் பார்த்து வரலாறு எழுதினா, இந்தத் தொடர்ச்சியை நாங்கள் காணவே மாட்டம்.