12.10 இரண்டு தரம் வந்த இரவு

2006 ஏப்ரல் 14, சித்திரை வருசப்பிறப்பு. அன்றிரவு நள்ளிரவு தாண்டி 12.30 ஆனபோது இலங்கையின் நேரம் திரும்பவும் 12.00 ஆக்கப்பட்டது. மனுசருக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. மணிக்கூட்டின் முள்ளை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினால் சரி. ஆனால் "ஒவ்வொரு நாளும் இரவு 12.10க்குக் கணக்கை முடி" எண்டு கட்டளை வாங்கி, ஆருடைய கண்ணிலும் படாமல் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு நிரலை நினைத்துப் பாருங்கள். அதுக்கு அன்று 12.10 இரண்டு தரம் வந்தது. அது கணக்கை எத்தனை தரம் முடிக்க வேணும்?

இப்படிப் பின்னணியில் கிடக்கிற நிரல்களை யுனிக்ஸ் உலகத்தில் 'டீமன்' என்பார்கள். 1963 அளவில் எம்ஐடியில் பெர்னாண்டோ கோர்பாத்தோவின் குழு வைத்த பெயர். இயற்பியலாளர் மெக்ஸ்வெல்லின் கற்பனைப் பரிசோதனை ஒன்றில், மறைந்திருந்து ஓயாமல் மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டே இருக்கும் பூதம் ஒன்று வரும். பெயர் அங்கிருந்து வந்தது. எங்களுக்கு 'பூதம்' எண்டே சொல்லலாம் போலக் கிடக்கு. புதையல் காத்த பூதங்களும் இதே வேலையைத்தான் செய்தன.

பூதத்துக்கு நேரம் சொல்லித்தரும் பூதம்தான் கிரான். 1979இல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இருந்த கிரான் மிக எளிமையானது. ஒரு கோப்பைத் திறந்து வாசிக்கும், இந்த நிமிசத்துக்கு வேலை இருக்கா எண்டு பார்க்கும், இருந்தால் செய்யும், ஒரு நிமிசம் தூங்கும், திரும்ப எழும்பும். வேலை இல்லாத நாளிலும் 1440 தரம் எழும்பும். ஒரு இயந்திரத்துக்கு ஒரு கோப்பு இருக்கும்வரை இது பரவாயில்லை. அதே காலத்தில் அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தில், ஒரே கணினியைப் பகிரும் நூறு பேருக்கும் இந்த வசதியைக் கொடுத்துப் பார்த்தார்கள். கணினி சுமை தாங்கவில்லை.

அங்கே ரொபர்ட் பிரவுன் என்பவர், போலி உருவாக்க நிரல்களுக்காக 1977இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து வாசித்தார். அதில் நடக்க இருக்கும் சம்பவங்களை நேரப்படி வரிசையில் வைக்கிற முறை இருந்தது. அதையே கிரானுக்கும் போட்டார்கள். வரிசையின் தலையில் நிற்கிற வேலை எப்போது எண்டு பார், அதுவரை தூங்கு, எழும்பிச் செய், அந்த வேலைக்கு அடுத்த நேரத்தைக் கணித்துத் திரும்ப வரிசையில் சேர். இன்றைக்கு எங்கட போனில் பற்றரி மிஞ்சுவதற்கும் அடிப்படை இதுதான்: சும்மா எழும்பாதே.

ஆனால் எப்போது எழும்புவது என்பதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. "பத்து நிமிசம் கழித்து" எண்டு சொல்வது ஒன்று. "இரவு 12.10க்கு" எண்டு சொல்வது வேறொன்று. முதலாவதுக்குக் கணினி ஆன் ஆன நேரத்திலிருந்து முன்னுக்கு மட்டுமே போகிற ஒரு எண்ணிக்கை போதும். அதை ஒருவரும் திருப்ப முடியாது. இரண்டாவது சுவர்மணிக்கூட்டு நேரம். அது அரசாங்கம் சொல்வதைக் கேட்கும். இரண்டையும் மாறிப் பாவித்தால் வருவதுதான் எங்கட 12.10 பிரச்சினை.

எண்ணிக்கையை மட்டும் நம்பினாலும் தப்பலாம் எண்டு இல்லை. மில்லிசெக்கனை 32 பிட்டில் எண்ணினால் 49.7 நாளில் இடம் முடிந்துவிடும். 2004 செப்டெம்பர் 14இல் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் விமானிகளோடு பேசும் அமைப்பு இப்படித்தான் நின்றுபோனது. 30 நாளுக்கு ஒரு தரம் ஆன் ஓவ் பண்ண வேணும் எண்டு ஒழுங்கு இருந்தது. அந்தத் தரம் ஒருவரும் பண்ணவில்லை.

போல் விக்சி 1987இல் எழுதிய கிரானின் வழிவந்ததுதான் இன்று பல லினக்ஸ் கணினிகளில் ஓடுகிறது. அதன் டெபியன் வடிவத்தில் ஒரு நல்ல விதி இருக்கு. நேரம் மூன்று மணித்தியாலத்துக்குள் பின்னுக்குப் போனால், குறித்த நேர வேலைகளைத் திரும்பச் செய்யாது. முன்னுக்குப் பாய்ந்தால், தவறிய வேலைகளைப் பாய்ந்தவுடன் செய்துவிடும். கோடையில் மணிக்கூட்டைத் தள்ளுகிற நாடுகளுக்காக யோசித்த விதி என்றாலும் எங்களுக்கும் பொருந்தும். 1996 மே 25இல், மின்சாரத் தட்டுப்பாட்டால் இலங்கை ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் பாய்ந்தது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு வந்தது. மிச்ச அரையும் வர 2006 ஆனது.

பெரியவர்கள் "பழைய நேரமோ, புதிய நேரமோ" எண்டு கேட்பது இதனால்தான். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் 1996 மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே மணிக்கூடு ஐந்தரையிலேயே நின்றது. பத்து வருசமாக ஒரே தீவில், ஒரே நிமிசத்துக்கு இரண்டு நேரம்.

உலகத்துக் கணினிகள் பல பார்க்கிற நேர வலயத் தரவுத்தளம் ஒன்று இருக்கு. அதில் 'ஏசியா/கொழும்பு' என்பதற்குக் கீழே மூன்று மாற்றங்களும் நாள், நிமிசம் வரை இருக்கின்றன. புலிகள் மாற்றத்தை ஏற்கவில்லை என்ற செய்தியும் ஒரு குறிப்பாக இருக்கு. ஆனால் குறிப்புகளை டைமர்கள் வாசிப்பதில்லை. வன்னிக்கு அதில் தனி வலயம் இல்லை.