திரையிலிருந்து கூடத்திற்கு வந்த ஒலி



தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய நாட்களை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கதாநாயகன் திரையின் எந்த ஓரத்தில் நின்று பேசினாலும், குரல் ஒரே பெட்டியிலிருந்துதான் வரும். நாம் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இங்கிலாந்துப் பொறியாளர் ஆலன் புளூம்லைனுக்கு அது உறுத்தியது. குரல் நடிகனைப் பின்தொடர வழி கண்டு, 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1935இல் ஹேய்ஸ் ரயில் நிலையத்தில் ரயில் ஓடுவதைப் படமாக்கி, அதன் ஒலியும் கூடவே நகர்வதைக் காட்டினார். பாவம், 1942இல் ரேடார் சோதனைக்குப் பறந்த விமானம் விழுந்து, 38 வயதிலேயே மாண்டார். இரட்டை ஒலி இசைத்தட்டுகள் கடைகளில் பரவலாக வந்தது 1958இல்தான்.

இதனிடையே, 1940இல் டிஸ்னி நிறுவனம் ‘ஃபேன்டேசியா’ படத்திற்குப் பார்வையாளரைச் சூழும் ஒலியை அமைத்தது. செலவு மிகுதி, சில அரங்குகளோடு அது நின்றுபோயிற்று.

பிறகு டால்பி நிறுவனத்தார் ஒரு தந்திரம் செய்தார்கள். நான்கு ஒலிகளை இரண்டு தடங்களுக்குள் மடித்து வைத்தார்கள். பின்புறம் கேட்க வேண்டிய ஒலியை இரு தடங்களிலும் ஒன்றுக்கொன்று எதிர்மாறாகப் பதிந்தார்கள். அதைப் பிரித்தறியும் கருவி இருந்தால் அந்த ஒலி பின்பெட்டிக்குப் போகும். இல்லாவிட்டாலும் படம் கெடாது. 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படம் இம்முறைக்குப் புகழ் தந்தது. 1982 முதல் இது வீட்டுக்கும் வந்தது. வீடியோ நாடாவின் இரண்டு தட ஒலியை, சிவப்பும் வெள்ளையுமான இரு கம்பிகள் ரிசீவருக்குக் கொண்டு சென்றன. அவ்வளவுதான் வேண்டியிருந்தது!

1990களில் எண்முறை ஒலி வந்தபோது, ஐந்து பெட்டிகளுக்கும் ஒரு தாழ்சுருதிப் பெட்டிக்கும் தனித்தனித் தடங்கள் கிடைத்தன. அவற்றைச் சுருக்கி அனுப்ப, தோஷிபா 1983இல் கொணர்ந்த ஒளியிழைக் கம்பி உதவியது. 2002இல் எச்.டி.எம்.ஐ. பிறந்தது, ஆனால் அதில் ஒலி தொலைக்காட்சியை நோக்கித்தான் ஓடியது. தொலைக்காட்சியின் சொந்த ஒலியை ரிசீவருக்கு அனுப்ப வேறொரு கம்பி தேவைப்பட்டது. ஏ.ஆர்.சி. என்னும் திரும்பும் வழி 2009இல்தான் சேர்ந்தது.

என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளை தவணைப் பணத்தில் ஐந்து பெட்டிகள் வாங்கினார். முன்னிரண்டு மட்டுமே பேசின. “ஏமாந்துட்டோம் அண்ணே!” என்று தங்கை கண் கலங்கினாள். பொருளில் குறையே இல்லை. கம்பியை ஏ.ஆர்.சி. என்று எழுதிய துளையில் செருகாமல் பக்கத்துத் துளையில் செருகியிருந்தார்கள். தொலைக்காட்சியின் ஒலியோ, பழைய சிவப்பு வெள்ளைக் கம்பிகள் வழியாக இரண்டு தடமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கம்பியை மாற்றிச் செருகி, ஒலி அமைப்பில் ‘பி.சி.எம்.’ என்றிருந்ததை ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்றினோம். படத்தில் மழை பெய்தது. அம்மா எழுந்து, கொடியில் துணி காய்கிறதே என்று பின்கதவைத் திறந்து பார்த்தார்.