தமிழ்நாடு பொது நூலகங்கள் சட்டம், 1948

தமிழ்நாடு பொது நூலகங்கள் சட்டம், அன்றைய சென்னை மாகாணச் சட்டமன்றம் 1948இல் இயற்றியது. 1950 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகத்துக்கென ஒரு மாநிலம் கொண்டுவந்த முதல் சட்டம் இதுவே. இதற்கு முன் 1945இல் கோலாப்பூர் சமஸ்தானம் நூலகச் சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. ஊர்க் கிளை நூலகம் தொடங்கி மாவட்ட மைய நூலகம் வரை தமிழ்நாட்டில் இன்று இயங்கும் நூலக அமைப்புக்கு அடித்தளம் 1948ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

சட்டத்தின் கரு சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனுடையது. கணிதப் பேராசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1930இல் காசியில் நடந்த அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலக மசோதா ஒன்றை அவர் முன்வைத்தார். அடுத்த ஆண்டு மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுசென்றார்கள். படிக்க ஆள் இருக்கிறது, ஊருக்குள் நூல்தான் இல்லை என்பதை அந்த வண்டி காட்டிவிட்டது. ஆனால், 1933இல் பஷீர் அகமது சயீது சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதா சட்டமாகவில்லை. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான் 1948ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியது.

சட்டத்தின் உயிர் அதன் பணப் பிரிவில் இருக்கிறது. கொடையாளர் மனம்வைத்தால் திறப்பது, மறந்தால் மூடுவது என்றிருந்த படிப்பகங்களுக்கு நேர்ந்த கதி பொது நூலகத்துக்கு நேரக்கூடாது என்பதற்காக, சொத்து வரியோடும் வீட்டு வரியோடும் சேர்த்து நூலக வரி விதிக்க வழிசெய்தார்கள். தொடக்கத்தில் ரூபாய்க்கு 6 பை. ஒரு ரூபாய்க்கு 192 பை என்ற அன்றைய கணக்கில், இது 32இல் ஒரு பங்கு. பின்னர் படிப்படியாக உயர்ந்து ரூபாய்க்கு 10 காசு ஆனது. ஆண்டுக்கு 1,000 ரூபாய் வீட்டு வரி கட்டும் குடும்பம் 100 ரூபாயை நூலகத்துக்குத் தருகிறது. ரசீதில் அதற்கென ஒரு வரி அச்சாகியிருந்தாலும் படித்துப் பார்ப்பவர்கள் குறைவு. அரசு இலவசமாக நடத்தும் இடம் என்றே பலர் நூலகத்தை நினைக்கிறார்கள். அதன் செலவில் ஒரு பங்கை ஏற்கெனவே தாங்களே கொடுத்துவிட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

இந்த வரியை மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகியவை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். சென்னை மாநகருக்கு ஓர் ஆணைக்குழு, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் ஆணைக்குழு என்பது சட்டம் வகுத்த ஏற்பாடு. மாவட்டம் முழுவதற்கும் நிதி பொதுவானது என்பதால், நகரத்துக் கடைக்காரர் கட்டும் வரியில் மலையடிவாரக் கிளை நூலகத்துக்கும் நாளிதழ் வாங்க முடிகிறது. இவ்வளவு சமத்துவமான ஏற்பாடு உள்ளாட்சி நிதியில் அரிது. சென்னை நீங்கலாக மற்ற ஆணைக்குழுக்களுக்கு, வசூலான வரிக்குக் குறையாத தொகையை அரசு தன் பங்காகத் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இதில் ஒரு கோணல் உண்டு: வரி கூடுதலாக வசூலாகும் மாவட்டத்துக்கு அரசின் பங்கும் கூடும். வசூலித்த நூலக வரியை உரிய நேரத்தில் தராமல் உள்ளாட்சிகள் நிலுவை வைப்பதோ இன்னும் பழைய நோய். சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் இந்த நிலுவை பேசுபொருளாகியிருக்கிறது.

1896இல் எழும்பூரில் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் இச்சட்டத்தின்கீழ் மாநில மைய நூலகமானது. 1972இல் பொது நூலகங்களுக்கெனத் தனி இயக்ககம் அமைந்தது. மாவட்ட மைய நூலகம், முழுநேரக் கிளை நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம், நடமாடும் நூலகம் எனப் படிநிலைகள் பல. உள்ளே உட்கார்ந்து படிக்க எவரும் வரலாம்; நூலை வீட்டுக்கு எடுத்துச்செல்லச் சிறு வைப்புத்தொகை கட்டி உறுப்பினராக வேண்டும். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள்தாம் இன்று மாவட்ட நூலகங்களில் பெரும்பகுதி நாற்காலிகளை நிரப்புகிறார்கள். வீட்டில் தனி அறை இல்லாத பிள்ளைக்கு நூலகத்தின் மேசையும் மின்விசிறியும் அங்குள்ள நூல்களுக்குக் குறைந்த உதவியல்ல. ‘நூலக நண்பர்கள்’ திட்டத்தில் முதியவர்களுக்கும் நடமாட இயலாதவர்களுக்கும் தன்னார்வலர்கள் வீட்டுக்கே நூல் கொண்டுபோய்த் தருகிறார்கள்.

தமிழ்ப் பதிப்புலகத்தையும் இந்த வரிப்பணம் தாங்கியிருக்கிறது. பொது நூலகங்களுக்கு நூல் வாங்கும் ‘நூலக ஆணை’ கிடைக்குமா என்று பார்த்தே எத்தனை படிகள் அச்சடிப்பது என முடிவுசெய்த பதிப்பாளர்கள் பலர். கவிதையும் ஆய்வு நூலும் அதனால் வெளிவந்தன. நூலக ஆணைக்கென்றே தயாரான பயனற்ற நூல்களும் அதே வாசல் வழியாக அலமாரிக்கு வந்தன.

சென்னை கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. பிரெயில் பிரிவும் குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதியும் கொண்டது அது. மறு ஆண்டே, அக்கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்டது.

மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபின், சென்னை மாகாணத்தோடு இருந்த பகுதிகள் தத்தம் சட்டங்களுக்கு மாறின: ஆந்திரம் 1960இல், கர்நாடகம் 1965இல், கேரளம் 1989இல். 1967ஆம் ஆண்டின் மகாராட்டிரச் சட்டத்தில் நூலக வரியே இல்லை. அங்கே நூலகங்கள் அரசு மானியத்தை நம்பியிருக்கின்றன.

தமிழ்நாட்டிலேயே இந்தச் சட்டத்துக்கு வெளியே பெருகிய நூலகங்களும் உண்டு. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ், ஊராட்சிதோறும் ஒரு நூலகம் கட்டப்பட்டது. அவை நூலக ஆணைக்குழுவின் பொறுப்பில் வரவில்லை. கட்டடமும் நூலும் ஊராட்சியின் கையில், பார்த்துக்கொள்பவருக்குச் சிறு மதிப்பூதியம். திட்டக் காலம் முடிந்தபின் அவற்றில் பல பூட்டியே கிடந்தன.