இளமையும் நாவலும்



பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை விரும்பிப் படிக்கக்கூடிய நாவல் எது என்று பெற்றோரும் ஆசிரியரும் என்னைப் பலமுறை கேட்டிருக்கின்றனர். எளிய வினாப் போலத் தோன்றும் இதற்கு நம் நாட்டில் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை நாகலாபுரத்திலிருந்து தொடங்குகிறேன்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே, விளாத்திகுளம் வட்டத்துக் கரிசல் மண்ணில் அமைந்தது இவ்வூர். 1799-ஆம் ஆண்டுப் பாளையக்காரர் போருக்குப் பின், பாஞ்சாலங்குறிச்சியோடு தன் பாளையத்தையும் கும்பினியாரிடம் பறிகொடுத்த ஊர். பிற்காலத்தில் இதற்குப் புகழ் தேடித் தந்தவர் மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952). நாடக மேடைகளில் தேசியப் பாடல்களை முழங்கச் செய்தவர். 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதா’சுக்கும் பாடல் எழுதியவர். நாவலைப் பற்றிப் பேச வந்தவன் நாடகக்காரரை ஏன் இழுக்கிறேன் என்று நீங்கள் ஐயுறலாம். கரிசல் நாட்டுப் பிள்ளைகளுக்குக் கதைச் சுவை முதலில் ஏட்டின் வழியே வரவில்லை. பருத்தியும் கம்பும் வீடு வந்து சேர்ந்தபின், பங்குனி, சித்திரைக் கோயில் கொடைகளில் விடிய விடிய நடந்த நாடகங்களின் வழியே வந்தது. இரவுச் சோறு உண்டபின் பாட்டி கூறிய கதைகளின் வழியே வந்தது. கதை சற்று நின்றால், ‘அப்புறம் என்ன?’ என்று கேட்டுப் பழகிய செவிகள் அவை. நாவலைக் கையில் எடுத்த நாளிலும் அப்பிள்ளைகள் அதே வினாவைத்தான் கேட்டனர்.

தமிழின் முதல் நாவலாகக் கருதப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் அச்சேறியது. அதனை இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீபாகப் பணிபுரிந்தவர். நீதி புகட்டுவதையே தம் நோக்கமாகக் கொண்டார். எனினும், சிரிப்பில்லாத நீதி செல்லாது என்பதை அறிந்திருந்தார். செல்வர் மகனுக்குப் படிப்பு எதற்கு என்று வாதாடும் சிறுவனையும், ஆண் வேடம் பூண்டு அரசாளும் ஞானாம்பாளையும் படைத்தார். இன்றும் அந்நூலின் தொடக்கப் பகுதிகளை வகுப்பில் வாய்விட்டுப் படித்தால் பின்வரிசை மாணவரும் சிரிப்பர். நீதி வரும் இடங்களில் அவர்கள் பார்வை சன்னல் பக்கம் திரும்புவதையும் நான் கண்டதுண்டு.

அந்நூல் வெளிவந்து இரண்டே ஆண்டுகளில், 1881-ஆம் ஆண்டுக் கோடையில், ஸ்காட்லாந்தில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் தம் மனைவியின் மகனான பதின்மூன்று வயதுச் சிறுவனுக்காக ஒரு தீவின் படத்தை வரைந்தார். படத்திலிருந்து கதை பிறந்தது. இன்ன பாத்திரம் வேண்டும், இன்னது வேண்டா என்று சிறுவனும் தன் கருத்தைக் கூறினான். கதையில் பெண்கள் கூடாது என்பதும் ஏற்கப்பட்டது! ஸ்டீவன்சனின் முதிய தந்தையாரும் ஆவலோடு கேட்டு, கடற்கொள்ளையன் ஒருவனின் பெட்டிக்குள் என்னென்ன பொருள்கள் இருக்க வேண்டுமெனப் பட்டியல் எழுதிக் கொடுத்தார். அதுவே 1883-இல் நூலாக வந்த ‘புதையல் தீவு’. படிக்கப்போகும் சிறுவனையே அருகில் அமர்த்திக்கொண்டு எழுதிய நூல் அது. ஆகவேதான், கடலையே காணாத பிள்ளையும் அதனை விடாமல் படிக்கிறான்.

நம் நாட்டிலோ, ‘நாவல் படித்தால் பிள்ளை கெட்டுவிடும்’ என்னும் அச்சம் நெடுங்காலம் நிலவியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோரின் துப்பறியும் நாவல்களைப் பாட நூலுக்குள் மறைத்துப் படித்தவர் பலர். பெண்களுக்குக் கட்டுக்காவல் இன்னும் மிகுதி. இந்நிலையில், பள்ளிக்கூடமே செல்லாத வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925-இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவற்றின் இலக்கியத் தரம் பற்றி அறிஞர் பலபடக் கூறுவர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய ஆயிரமாயிரம் பெண்களைப் படிப்பவராகவே நிலைக்கச் செய்தவை அத்தகைய கதைகளே என்பது என் கருத்து. தரம் குறைந்தது என்று நாம் பிடுங்கி வைக்கும் நூலே, ஒரு பிள்ளை முதன்முதலாக முடித்த நூலாக இருந்துவிடக் கூடும். பிடுங்கியபின் அப்பிள்ளை உயர்ந்த நூலைத் தேடிச் செல்லும் என்று எண்ணுவது பெரியோர் மனப்பால்.

கல்கி வந்தபின் நிலைமை மாறியது. ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’ ஆகியவற்றை அடுத்து, 1950 அக்டோபரில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கி, மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் வந்தது. ஒரே இதழ் பல வீடுகளுக்குக் கைமாறியது. பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைப்பது அன்று பல குடும்பங்களில் வழக்கம். தந்தையும் மகனும் ஒரே கதைக்குக் காத்திருந்ததால், மறைத்துப் படிக்க வேண்டிய தேவையும் குறைந்தது. கரிசல் நாட்டுக்கும் கல்கிக்கும் வேறோர் உறவும் உண்டு. எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழ வேண்டுமென்று தம் இதழில் எழுதி, மக்களிடம் பொருள் திரட்டியவர் அவர். அம்மண்டபம் 1947-இல் திறக்கப்பட்டது.

ஐந்து பாகங்களைக் கண்டு மலைக்கும் பிள்ளைக்கு நான் முதலில் ‘பார்த்திபன் கனவை’யே கொடுப்பேன். அளவில் சிறியது, சிறைப்பட்ட இளவரசன், தீவு, வேடம் புனைந்தோர் என்று கதை ஓடுகிறது. அதில் வரும் சிவனடியார் யார் என்பதை இங்கே கூறி உங்கள் இன்பத்தைக் கெடுக்க மாட்டேன். கதை நிகழ்ச்சிகளின்படி ‘சிவகாமியின் சபதம்’ முந்தியது ஆயினும், கல்கி எழுதிய வரிசையிலேயே படிப்பது நன்று. பிறகு, ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் வந்தியத்தேவனைச் சந்திக்கலாம்.

நூலைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசும்போது, நூல் கிடைத்ததா என்னும் வினாவை ஒதுக்கிவிட முடியாது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இலேயே, ஒவ்வொரு படிப்பவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதை நூலகத்தின் விதிகளுள் ஒன்றாக வகுத்தார். அவருடைய முயற்சியின் பயனாக 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. ஆயினும், கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பகுதிகளில் மழை பொய்த்த ஆண்டுகளில் எத்தனையோ பிள்ளைகள் தீப்பெட்டி ஆலைகளுக்குச் சென்றனர். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்குப் பின்னும் அவ்வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை. விடியுமுன் வண்டியேறி, இருட்டியபின் வீடு திரும்பிய சிறுமிக்கு எந்த நாவல் ஏற்றது என்று யாரும் கேட்கவில்லை. இன்று உங்களுக்குக் கிடைக்கும் மாலைப்பொழுது, உங்கள் பாட்டியருள் பலர் அறியாதது.

நான் பணிபுரிந்த பள்ளிகளில் ஒன்றில் நூலக அலமாரி ஆய்வாளர் வரும் நாளில் மட்டுமே திறக்கப்பட்டது. நூல்கள் பளபளவென்று இருந்தன. மற்றொரு பள்ளியில் அட்டை கிழிந்த நூல்களே மிகுதி. எந்த நூலை வாங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அக்கிழிந்த அட்டைகளே எனக்கு உதவின. நாம் கோவில்பட்டிக் கடலை மிட்டாயைச் சுவைக்காகத்தான் உண்கிறோம்; உடலுக்கு உரம் தரும் என்பதை எண்ணி யாரும் கடிப்பதில்லை.

இனி, நம் மண்ணிலேயே விளைந்த நாவல்களுக்கு வருவோம். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் 1923-இல் பிறந்த இருவர், கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். பள்ளிப் படிப்பை முடிக்காமலேயே பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்த கி. ரா., ‘பிஞ்சுகள்’ என்னும் குறுநாவலைப் படைத்தார். பறவை முட்டைகளைத் தேடித் தேடிச் சேர்க்கும் ஒரு சிறுவனின் கதை அது. பன்னிரண்டு வயதுக்கு அதனினும் பொருத்தமான கரிசல் நூலை நான் அறியேன். 1976-இல் வந்த ‘கோபல்ல கிராமம்’ சற்று மூத்த பிள்ளைகளுக்கு உரியது. நூறாண்டைக் கடந்த மங்கத்தாயாரு அம்மாள், தம் முன்னோர் தெலுங்கு நாட்டிலிருந்து அஞ்சி ஓடிவந்து, காட்டைத் திருத்தி ஊர் அமைத்த கதையைக் கூறுகிறார். பாட்டி சொன்ன கதை இங்கே அச்சில் வந்துவிட்டது.

பூமணியின் ‘வெக்கை’ (1982) பற்றித்தான் பெற்றோர் தயங்குகின்றனர். அதன் நாயகன் சிதம்பரத்துக்கு வயது பதினைந்து. தன் அண்ணனைக் கொல்வித்தவனை வெட்டிவிட்டு, தந்தையோடு காட்டிலும் மலையிலும் மறைந்து திரிகிறான். இதனைப் பள்ளி மாணவனிடம் கொடுக்கலாமா? பன்னிரண்டு வயதில் வேண்டா என்பேன். பதினைந்தில் தாராளமாகக் கொடுக்கலாம். அந்நூலின் பெரும்பகுதி வெட்டும் குத்தும் அன்று; தந்தையும் மகனும் உணவு தேடுவதும், சமைப்பதும், வீட்டாரை நினைந்து பேசிக்கொள்வதுமே. 2019-இல் இதைத் தழுவி வந்த ‘அசுரன்’ படத்தை உங்களுட் பலர் பார்த்திருப்பீர்கள். படத்தில் தந்தையே பேருருவம் கொள்கிறார். நாவலிலோ பையனின் கண்வழியாகவே நாம் காட்டுக்குள் நடக்கிறோம். படம் பார்த்த சூட்டோடு நாவலை எடுத்து முதல் பத்துப் பக்கங்களைப் படித்துப் பாருங்கள். பிடிக்கவில்லையெனில் மூடிவைத்துவிட்டு, நூலகரிடம் ‘பிஞ்சு’களைக் கேளுங்கள்.