925-ம் பழைய ஒரு ரூபாயும்

நான் வேலை பார்க்கும் லண்டனில் வெள்ளி மோதிரத்தின் உள்பக்கம் 925 என்றிருக்கும். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி தினசரிக்கு உழைக்காதுங்க, வளைஞ்சிடும். இந்தத் தரத்தை இங்கிலாந்தில் முதலாம் எட்வர்ட் 1300-லேயே சட்டமாக்கிட்டார்.

எங்க குளத்தூர் பக்கம்? திருவிதாங்கூர் காலத்தில் 28½ சக்கரம் கொடுத்தால் ஒரு பிரிட்டிஷ் ரூபாய். எடை 11.66 கிராம், ஆயிரத்தில் 917 பங்கு வெள்ளி. இந்தியா முழுக்கத் தட்டார்கள் அந்த ரூபாயை உருக்கி நகை செய்ததுண்டு. 925-க்கும் அதுக்கும் வித்தியாசம் வெறும் எட்டு! ஆனால் யுத்த காலத்தில், 1940-ல், ரூபாயில் வெள்ளி பாதியாச்சு; 1947-ல் நிக்கல்தான்.

அதனால, முத்திரை இல்லைன்னு யாராவது சொன்னதும் பாட்டியின் மோதிரத்தை எடைக்குப் போட்டுடாதீங்க. முதலில் தரம் சோதிச்சுப் பாருங்க.

கறுத்தாலும் போலின்னு நினைக்க வேண்டாம். காற்றில் இருக்கும் கந்தகத்தின் வேலை அது. சோப்புத் தண்ணீரில் கழுவி மெல்லிய துணியால் துடைச்சாப் போதும். டூத்பேஸ்ட் கீறிடும். பிளீச்சிங் பவுடரைத் தொடும்முன் கழற்றிடுங்க. மற்றபடி தினமும் போடுங்க. பெட்டியில் தூங்கும் வெள்ளியைவிடக் கையில் கிடக்கும் வெள்ளிக்குத்தான் பளபளப்பு அதிகம்.